முன்னிருப்பை நம்பலாமா?



2009ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 3ஆம் நாள் ஒரு பேரேடு தொடங்கப்பெற்றது. சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் அது தொடங்கப்பட்டது. அப்பெயருக்கு உரியவர் ஒருவரா, பலரா என்பது இன்றளவும் மறைபொருளே. பேரேட்டின் பெயர் பிட்காயின். அதிலுள்ள நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்க்க இயலாது. கணக்கில் எழுதிய வரிதான் நாணயம். வரி போனால் நாணயமும் போயிற்று. அதை வாங்குங்கள் என்றோ, வாங்காதீர்கள் என்றோ சொல்ல நான் வரவில்லை. அதன் விலை ஏறுவதும் இறங்குவதும் செய்தித்தாள்களில் நாள்தோறும் வருகின்றன. என் கேள்வி வேறு. அந்தப் பேரேட்டை இன்று புதிதாகக் கையிலெடுக்கும் ஒருவன், விரைவில் படித்து முடிக்க வேண்டுமென்று விரும்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விரைவுக்கு அவன் கொடுக்கும் விலை யாது?

முதலில் பேரேட்டின் அமைப்பைச் சற்றே பார்ப்போம். வங்கியில் உங்கள் பெயரில் உள்ள கணக்கு வங்கியாரிடம் இருக்கிறது. அவர்கள் எழுதியதே கணக்கு. பிட்காயினுக்குத் தலைமை அலுவலகமும் இல்லை, தலைமைக் கணக்கரும் இல்லை. விரும்பிய எவரும் தம் கணிப்பொறியில் பேரேட்டின் படியை வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்திருக்கும் ஒவ்வொரு கணிப்பொறியும் ஒரு கணு எனப்படும். கணுக்கள் உலகெங்கும் உள்ளன. ஒன்றோடொன்று இணையத்தின் வழியே பேசிக்கொள்கின்றன.

ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை, புதிய கொடுக்கல் வாங்கல்கள் ஓர் ஏட்டில் தொகுக்கப்பட்டுப் பேரேட்டின் இறுதியில் சேர்க்கப்படுகின்றன. இந்த ஏட்டைத்தான் பிளாக் என்கிறார்கள். ஒவ்வோர் ஏட்டிலும் அதற்கு முந்திய ஏட்டின் சுருக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். அதற்கு ஹாஷ் என்று பெயர். ஏட்டில் ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் அதன் ஹாஷ் அடியோடு மாறிப் போகும். உடனே அடுத்த ஏட்டோடு உள்ள பிணைப்பு அறுந்துவிடும். புதிய ஏட்டைச் சேர்க்க விரும்புவோர் கோடானுகோடி முறை முயன்று, விதித்த அளவுக்கு உட்பட்ட ஒரு ஹாஷைக் கண்டுபிடிக்க வேண்டும். மின்சாரம் பெருமளவில் செலவாகும் வேலை அது. அதைச் செய்வோரை ஆங்கிலத்தில் மைனர் என்பார்கள். நம் ஊரில் மைனர் என்றால் வேறொருவர் நினைவுக்கு வருவார். ஆகையால் அகழ்வோர் என்றே நாம் சொல்வோம்.

2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஏடுகளின் எண்ணிக்கை 9 இலட்சத்தைக் கடந்தது. மொத்த அளவோ 600 ஜிகாபைட்டிற்கும் மேல். புதிதாகச் சேரும் கணு இவ்வளவையும் வாங்கி, முதல் ஏட்டிலிருந்து ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க வேண்டும். நல்ல கணிப்பொறியும் விரைவான இணைய இணைப்பும் இருந்தால் ஒரு நாளில் முடியலாம். பழைய பொறியும் மெதுவான இணைப்பும் உள்ளவனுக்கு வாரக்கணக்கில் ஆகும்.

எதைச் சரிபார்க்கிறது? அகழ்வோர் உழைத்ததற்குச் சான்று உண்டா, முந்திய ஏட்டோடு பிணைப்புச் சரியா, செலவழிக்கப்பட்ட நாணயம் உண்மையில் இருந்ததா, முன்னரே செலவாகிவிட்டதா, வரவைவிடச் செலவு மிகுந்ததா, உரியவர் கையொப்பம் உண்டா என்று வரிசையாகப் பார்க்கிறது. கையொப்பம் என்றால் மையால் இடுவதன்று, கணிதத்தால் இடுவது. அதைச் சோதிப்பதற்கே மிகுதியான நேரம் செல்கிறது.

இத்தனை சோதனையும் வேண்டுமா என்று கேட்பீர்கள். 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நடந்ததைக் கேளுங்கள். பிட்காயின் விதிப்படி எக்காலத்திலும் 2 கோடியே 10 இலட்சம் நாணயங்களுக்கு மேல் இருத்தல் கூடாது. அன்று 74,638ஆம் ஏட்டில் 18,446 கோடிக்கும் மேற்பட்ட நாணயங்கள் திடீரென்று தோன்றின! மோட்டார் வண்டியின் ஓடோமீட்டரில் எல்லா இலக்கமும் 9 ஆனபின் மறுபடி சுழியத்துக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல, இரண்டு மிகப் பெரிய தொகைகளைக் கூட்டியபோது மென்பொருளின் எண் வரம்பு உடைந்து, கூட்டுத்தொகை சுருங்கிப் போயிற்று. வரவுக்கு மேல் செலவில்லை என்று சோதனை ஏமாந்தது. சில மணி நேரத்தில் மென்பொருளைத் திருத்தினார்கள். திருத்திய கணுக்கள் அந்த ஏட்டை ஏற்க மறுத்தன; அதை விலக்கிய வேறொரு தொடர் வளர்ந்து அதனை முந்தியது. ஏட்டை எழுதியவர் எவ்வளவு உழைத்திருந்தாலும், விதியை மீறினால் கணுக்கள் அதைத் தள்ளிவிடும் என்பது அன்று கண்கூடாயிற்று. அகழ்வோர் எழுத்தர், கணுக்களே தணிக்கையாளர்.

ஆயின் தணிக்கை செய்வதற்கு வாரக்கணக்கில் ஆகுமென்றால் எத்தனை பேர் முன்வருவர்? அலுத்துப் போய், "யாரோ ஒருவர் சரிபார்த்திருப்பார், அவரைக் கேட்டுக்கொள்வோம்" என்று விட்டுவிடுவார்கள். எல்லோரும் இப்படி நினைத்தால் தணிக்கையாளர் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவர். ஆகவே தாமதமும் பாதுகாப்புக்குக் கேடுதான். விரைவைத் தேடுவோரைச் சோம்பேறிகள் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

விரைவைப் பெற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதே வேலையைத் திறமையாகச் செய்வது. மற்றொன்று, வேலையில் ஒரு பகுதியைச் செய்யாமல் விடுவது.

முதல் வழிக்கு 2015ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த ஒரு சீர்திருத்தம் நல்ல எடுத்துக்காட்டு. ஒவ்வோர் ஏட்டுக்கும் 80 பைட் அளவுள்ள தலைப்பு ஒன்று உண்டு. 8,40,000 ஏடுகளின் தலைப்புகளை மட்டும் எடுத்தால் எவ்வளவு ஆகும்? பெருக்கிப் பாருங்கள்: 6 கோடியே 72 இலட்சம் பைட். 70 மெகாபைட்டுக்கும் குறைவு. அந்த ஆண்டு முதல் புதிய கணு தலைப்புகளை முதலில் வாங்கி, உழைப்புக்குரிய சான்றைச் சோதித்து, எந்தத் தொடர் வலியது என்று முடிவு செய்துகொள்கிறது. பிறகு பல கணுக்களிடமிருந்து ஒரே நேரத்தில் ஏடுகளைக் கேட்டு வாங்குகிறது. அடுத்த ஆண்டில் கையொப்பச் சோதனைக்குப் புதிய நிரல் தொகுப்பு ஒன்று சேர்க்கப்பட்டு, அவ்வேலை பல மடங்கு விரைவாயிற்று. இவற்றில் எந்தச் சோதனையும் கைவிடப்படவில்லை.

இரண்டாம் வழிக்கு வருவோம். 2017ஆம் ஆண்டு மார்ச்சில் 0.14 என்னும் பதிப்பு வெளிவந்தது. 'செல்லும் எனக் கொள்க' என்று பொருள்படும் 'அஸ்யூம்வேலிட்' என்ற ஏற்பாடு அதில் இருந்தது. மென்பொருளை ஆக்குவோர் ஓர் ஏட்டின் ஹாஷை நிரலிலேயே எழுதி வைக்கிறார்கள். அந்த ஏட்டுக்கு முந்திய கையொப்பங்களைப் புதிய கணு சோதிப்பதில்லை. நாணயம் இருந்ததா, இருமுறை செலவானதா, தொகை சரியா என்பவற்றை மட்டும் முன்போலவே சோதிக்கும். கையொப்பங்கள் சரி என்பதற்குச் சாட்சி யார்? ஆக்கியோர்தாம். ஆனால் அந்த ஹாஷ் எல்லோர் கண்ணிலும் படும்படி நிரலில் இருக்கிறது. முழுச் சோதனை செய்த பழைய கணு வைத்திருப்பவர் எவரும் தம் ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொய்யென்றால் அன்றே கூச்சலிடலாம். மேலும் இஃது ஓர் ஆலோசனை மாத்திரமே. அந்த ஏடு இல்லாத வேறொரு தொடர் உழைப்பில் மிகுந்து நின்றால், கணு அதையே ஏற்று, எல்லாக் கையொப்பங்களையும் சோதிக்கத் தொடங்கிவிடும்.

இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அதை விளக்க எனக்கு என் தொழிலே உதவுகிறது. தலைமையாசிரியர் ஒருவர் மாறுதலாகி வேறு பள்ளிக்குச் சென்றால் முதலில் நடப்பது பொறுப்பு ஒப்படைப்பு. மேசை இத்தனை, பெஞ்சு இத்தனை, ஆய்வுக்கூடத்துத் தராசு இத்தனை என்று இருப்புப் பதிவேட்டில் இருக்கும். பள்ளி தோன்றிய நாள் முதல் வாங்கிய ஒவ்வொரு பெஞ்சுக்கும் பற்றுச்சீட்டைத் தேடி நாங்கள் உட்கார்ந்ததில்லை. சென்ற தணிக்கையில் கண்ட முன்னிருப்பை எடுத்துக்கொண்டு, அதற்குப் பின் வந்ததைக் கூட்டி, போனதைக் கழித்துக் கையொப்பமிட்டு, மறுநாளே வகுப்புக்குப் போய்விடுவோம். பிட்காயினிலும் இதையே செய்யலாம் அல்லவா? பதினைந்து ஆண்டுக் கொடுக்கல் வாங்கலையும் படிப்பானேன்? இன்ன ஏட்டின் முடிவில் செலவாகாமல் நின்ற நாணயங்கள் இவை என்ற பட்டியல் ஒன்றை வாங்கிக்கொண்டு, அங்கிருந்து தொடங்கினால் போதாதா?

2024ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த 28ஆம் பதிப்பில் இந்த ஏற்பாடு முதன்மைப் பேரேட்டுக்கு நடைமுறைக்கு வந்தது. 'அஸ்யூம் யூ.டி.எக்ஸ்.ஓ' என்று அதற்குப் பெயர். 8,40,000ஆம் ஏட்டின் முடிவில் உள்ள இருப்புப் பட்டியலின் ஹாஷ் நிரலில் எழுதப்பட்டது. 600 ஜிகாபைட்டுக்கு எதிரே, பட்டியல் 10 ஜிகாபைட் அளவில் அடங்கிவிடும். அதை யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம். ஹாஷ் பொருந்தாவிட்டால் மென்பொருள் ஏற்காது.

ஆனால் ஒப்புமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில்தான் உங்கள் கவனம் வேண்டும். எனக்குப் பதிவேட்டின் மேல் ஐயம் வந்தால், எழுந்து போய் அறை அறையாகப் பெஞ்சுகளை எண்ணிவிடலாம். பதிவேட்டுக்கு வெளியே பெஞ்சு என்று ஒன்று இருக்கிறது. பிட்காயினில் எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது? அங்கே பதிவேட்டுக்கு வெளியே பொருளே இல்லை. பட்டியலில் ஒரு பொய்யான வரி புகுந்துவிட்டால், அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி முதல் ஏட்டிலிருந்து படித்து வருவதுதான். இதை உணர்ந்தே ஆக்கியோர் ஒரு நிபந்தனை வைத்தார்கள். புதிய கணு பட்டியலைக் கொண்டு வேலையைத் தொடங்கட்டும். பின்னணியில் பழைய ஏடுகளையும் வாங்கி, 8,40,000 வரை தானே கணக்கிட்டு வரட்டும். தன் விடையும் பட்டியலும் ஒத்தால் சரி, ஒவ்வாவிட்டால் நின்றுவிட வேண்டும். கடன் வாங்கிய நம்பிக்கையைச் சில நாளில் திருப்பிக் கொடுப்பது போன்றது இது. கடன் நிற்கும் அந்த நாட்களில், அக்கணுவை நம்பிப் பெருந்தொகைக்குச் சரக்கை அனுப்புபவன் தான் எதன்மேல் நிற்கிறான் என்று தெரிந்திருக்க வேண்டும்.

எதீரியம் என்னும் வேறொரு வலையில் கடன் வேறு விதமானது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் அது உழைப்புச் சான்றை விட்டு, ஈடு வைத்த பணத்தின் அடிப்படையில் ஏடு சேர்க்கும் முறைக்கு மாறியது. அங்கே ஏடு எழுத மின்சாரச் செலவு பெரிதாக இல்லை. ஈட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போனவர்கள் தங்கள் பழைய சாவிகளைக் கொண்டு பழைய வரலாற்றை வேறு விதமாக எழுதினால், அதைத் தடுக்க ஈடாக அவர்களிடம் ஒன்றும் இராது. புதிதாக வருபவனுக்கு இரண்டு வரலாறுகளும் ஒன்றுபோலவே தோன்றும். ஆதலால் அண்மைய ஏடு ஒன்றின் ஹாஷை நம்பத்தக்க ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அங்கே மறைவில்லாமல் சொல்லப்பட்ட விதி. அதை வைத்துக்கொண்டு விரைவாகச் சேர்ந்துவிடலாம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. யாரைக் கேட்டோம் என்பது நினைவில் இருந்தால் சரி.

விரைவுக்காக ஏமாந்தோர் கதை ஒன்றும் உண்டு. 2015ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் பிட்காயினில் கையொப்ப வடிவைப் பற்றிய கடுமையான விதி ஒன்று நடைமுறைக்கு வந்தது. அண்மைய 1,000 ஏடுகளில் 950 ஏடுகள் ஆதரவு காட்டியதால் வந்த விதி அது. ஆனால் ஏறத்தாழப் பாதி அகழ்வோர், பிறர் சேர்த்த ஏட்டைத் திறந்து சோதிக்காமலேயே அதன் மேல் அடுத்த ஏட்டைக் கட்டி வந்தார்கள். சோதிக்கும் சில விநாடிகளில் போட்டியாளர் முந்திவிடுவார் என்ற அச்சம்! புதிய விதிக்கு ஒவ்வாத ஏடு ஒன்றை ஒருவர் சேர்த்தார். அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் மற்றொன்று என ஆறு ஏடுகள் ஏறின. முழுச் சோதனை செய்யும் கணுக்கள் ஆறையும் தள்ளின. அகழ்வோருக்கு 50,000 டாலருக்கு மேல் இழப்பு. தலைப்பை மட்டும் பார்த்து நம்பும் சிறு பணப்பை மென்பொருள்களோ அந்தத் தொடரை உண்மையென்றே எண்ணின. அத்தகைய மென்பொருள் வைத்திருந்தோர் பணம் வந்ததாகக் கொள்ளுமுன் வழக்கத்தைவிட 30 ஏடுகள் கூடுதலாகக் காத்திருக்கும்படி எச்சரிக்கப்பட்டார்கள். ஆதரவு காட்டியவர்களே சோதிக்காமல் இருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. வீட்டுப்பாடத்தை நண்பனைப் பார்த்து எழுதியவனைப் பார்த்து எழுதியவனை எனக்கு நன்றாகத் தெரியும்; மூவர் நோட்டிலும் ஒரே பிழை இருக்கும்.

இதுவரை கேட்டவர்கள், திறமையால் வரும் விரைவு தீங்கற்றது, சோதனையைக் குறைத்து வரும் விரைவே தீங்கு என்று முடிவு கட்டியிருப்பீர்கள். அவ்வளவு எளிதாக முடிந்துவிடவில்லை.

2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த 0.8 பதிப்பு, கணு சேரும் நேரத்தை வெகுவாகக் குறைத்தது. தரவுகளைச் சேமிக்கும் கிடங்கு முறையை மாற்றியதே அதற்கு முக்கியக் காரணம். எந்த விதியையும் அவர்கள் தொடவில்லை. தொட்டதாக நினைக்கவும் இல்லை. மார்ச் 11ஆம் நாள் இரவு பெரிய ஏடு ஒன்று வந்தது. புதிய கிடங்கு அதை ஏற்றது. பழைய கிடங்குக்கோ, ஒரே நேரத்தில் இத்தனை பதிவுகளைத்தான் பூட்டி வைக்கலாம் என்ற ஒரு வரம்பு இருந்தது. எவரும் எழுதி வைக்காத அந்த வரம்பு, அதுநாள் வரை ஒரு மறைவான விதியாகவே இருந்திருக்கிறது! பழைய கணுக்கள் ஏட்டைத் தள்ளின. பேரேடு இரண்டாகப் பிரிந்தது. சில மணி நேரம் இரண்டு உண்மைகள் உலவின. அந்த இடைவெளியில் ஒருவர் ஏறத்தாழ 10,000 டாலர் மதிப்புள்ள நாணயத்தை இருமுறை செலவிட்டுக் காட்டினார். காட்டிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். முடிவில், புதிய பதிப்பைப் பயன்படுத்திய பெரிய அகழ்வோர் தங்கள் வருவாயை இழந்து பழைய பதிப்புக்குத் திரும்பினார்கள். விரைவாக ஓடியவர்கள், மெதுவாக வந்தவர்களுக்காகத் திரும்பி நடந்தார்கள். அவ்வாறு செய்திராவிட்டால் பழைய பதிப்பை வைத்திருந்த அனைவரும் தனித்து நின்றிருப்பர்.

மற்றொன்று இதைவிட நுட்பமானது. சற்று முன் 0.14 என்ற பதிப்பைக் குறிப்பிட்டேன். அதில் வந்த 'அஸ்யூம்வேலிட்' ஏற்பாடு அனைவர் கண்ணிலும் பட்ட பெரிய மாற்றம். அதே பதிப்பில் இன்னொரு சிறு மாற்றமும் புகுந்தது. ஒரே கொடுக்கல் வாங்கலுக்குள் ஒரு நாணயம் இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று இருந்தது. புதிதாக வரும் ஏட்டைச் சோதிக்கும் நேரத்தைச் சிறிது மிச்சப்படுத்தலாம் என்று, "இதைப் பின்னால் வேறோர் இடத்தில் பார்க்கிறோமே" என்று எண்ணி அதை நீக்கினார்கள். பின்னால் இருந்த சோதனை உண்மையில் அவ்வேலையை முழுமையாகச் செய்யவில்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து, 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், ஒருவர் இந்தக் குறையை ஆக்கியோருக்குத் தனிமையில் தெரிவித்தார். மறுநாளே திருத்திய பதிப்பு வந்தது. கணுக்களை நிறுத்திவிடக்கூடிய குறை என்று மட்டும் முதலில் அறிவித்தார்கள். இல்லாத நாணயத்தை உண்டாக்கவும் அதனால் முடியும் என்ற முழு உண்மையை, பலரும் மென்பொருளை மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுத்து, 20ஆம் நாள் வெளியிட்டார்கள். முதன்மைப் பேரேட்டில் எவரும் அதைப் பயன்படுத்தியிருக்கவில்லை. அறிந்திருந்தால் பயன்படுத்த ஆள் இல்லாமலா போயிருக்கும்?

ஒரே பதிப்பில் வந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். "இங்கே உங்களிடம் நம்பிக்கையைக் கேட்கிறோம்" என்று வெளிப்படையாகச் சொல்லி வந்த விரைவால் இதுவரை கேடு விளைந்ததில்லை. எல்லோரும் அதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு சோதனைக்கு ஒன்று போதும் என்று ஓசையின்றி நுழைந்த விரைவே பேரேட்டின் அடிப்படையைத் தொட்டது. தணிக்கைத் துறையில் இருப்பவர்களுக்கு இது வியப்பாக இராது.

உங்களில் கணிப்பொறி அறிவியல் பயில்வோர், கல்லூரியில் சும்மா கிடக்கும் பழைய பொறி ஒன்றை ஆசிரியர் இசைவோடு எடுத்து இதை நேரில் பார்க்கலாம். நாணயம் வாங்க வேண்டியதில்லை. ஒரு காசும் செலவில்லை. வட்டில் இடம் குறைவென்றால், படித்த ஏடுகளை அவ்வப்போது கழித்துவிடும்படி அமைக்கலாம். ஏடுகளுக்கு 550 மெகாபைட் இடம் ஒதுக்கினாலும் போதும், இருப்புப் பட்டியலுக்கு மட்டும் தனியே சில ஜிகாபைட் வேண்டும். முதலில் உள்ளபடியே ஓட்டி, எத்தனை நாளாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 'அஸ்யூம்வேலிட்' என்ற அமைப்பைச் சுழியமாக்கி, மறுபடி முதல் ஏட்டிலிருந்து தொடங்குங்கள். இம்முறை ஒவ்வொரு கையொப்பத்தையும் உங்கள் பொறியே சோதிக்கும். 2010ஆம் ஆண்டின் ஏடுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிவிடும். 2017ஐ நெருங்கும்போது பொறியின் விசிறி இரைச்சலிடத் தொடங்கும். இரண்டு ஓட்டத்திற்கும் இடையே எத்தனை மணி நேரம் வேறுபடுகிறதோ, அத்தனை மணி நேரத்துக்காகத்தான் மற்றொருவர் சொல்லை நீங்கள் ஏற்றுக்கொண்டிருந்தீர்கள்.